விளிம்பில் விழுந்த அடி

டக்.

ஒரே ஒரு அடி. முரசின் தோலில் விழுந்திருந்தால் குயென் அதைக் காதில்கூட வாங்கியிருக்க மாட்டாள். விழுந்தது மர விளிம்பில். ஹோவாலாம் ஊர்க் கோயிலின் கூத்து மண்டபத்தில் அந்த நேரம் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்த அத்தனை தாடையும் ஒரே சமயத்தில் நின்றது.

குயெனுக்கு முதுகில் நாலு கொடி, தலையில் நீளமான காட்டுக்கோழி இறகு இரண்டு, கையில் ஈட்டி, முகத்தில் கனமாகச் சிவப்பும் வெள்ளையும். அந்தச் சாயத்துக்கு உள்ளே அவள் முகம் செத்துப்போனது யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லைப் போருக்குக் கிளம்பும் பெண் தளபதி, தூங்குகிற மகனிடம் விடைபெறும் கட்டம் அது. 'வருவேன் என்று சொல்லமாட்டேன் மகனே, விளக்கை மட்டும் அணைக்காதே' என்று ஒரு வரி. அந்த 'விளக்கை' உச்சிக்கு ஏறி, அங்கேயே நின்று நடுங்கி, பிறகு இறங்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அந்த ஒரு வரியைக் கேட்கவே ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து படகு பிடித்து வந்தார்கள் ஜனங்கள். போயும் போயும் அந்த வரியிலா அடி விழ வேண்டும்!

அந்த ஊர்க் கூத்தில், பார்க்கிறவர்கள் நினைத்த இடத்தில் கை தட்டிவிட முடியாது. மேடைக்குக் கீழே, சாமிக்கு வலப்பக்கம், ஊர் சார்பில் ஒருத்தர் முரசோடு உட்கார்ந்திருப்பார். அவரும் பார்க்க வந்தவர்தான். ஆனால் மண்டபத்துக்கே வாய் அவர் கையில் இருக்கும் கோல்தான். பரவாயில்லை என்றால் தோலில் ஒன்று, நன்றாக இருந்தால் இரண்டு, நெஞ்சைத் தொட்டால் மூன்று. மூன்று விழுந்த பிறகுதான் ஜனம் 'ஓ' போடலாம். பிழை என்றால் விளிம்பில் ஒரு டக். ஹோவாலாமில் இதற்கு மேலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே திருவிழாவில் ஒரே கட்டத்துக்கு இரண்டு முறை விளிம்பு வாங்கினவருக்கு, அந்த மேடையில் அந்த வேஷம் இனிமேல் கிடையாது. மூன்றாம் நாள் காலையில் இதே விடைபெறும் கட்டத்தைச் சாமிக்கு முன்னால் மறுபடி ஆடித்தான் திருவிழாவை முடிப்பார்கள். அதாவது குயெனுக்கும் அவள் வேஷத்துக்கும் நடுவே மிச்சம் இருந்தது இன்னும் ஒரே ஒரு டக்.

திரை மறைப்புக்குப் பின்னால் வந்ததும் ஈட்டியைத் தூக்கிப் பெட்டிமேல் எறிந்தாள்.

"அந்த ஆளு காதுல என்ன பூரான் பூந்துடுச்சா?"

குழுவில் இருந்த பத்துப் பேரும் ஆளாளுக்குப் பேசினார்கள். நல்லாத்தான் இருந்துச்சு. பிரமாதம். வேணும்னே அடிச்சிருக்காரு. வயசாயிடுச்சு அவருக்கு. ஒருத்தர்கூட மாற்றிச் சொல்லவில்லை. அதுவே குயெனுக்கு என்னவோபோல் இருந்தது. கூத்துக்காரர்கள் பத்துப் பேர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் அவள் பார்த்ததே இல்லை.

அவள் புருஷன் லோக், வாத்தியக்காரர்களில் கென் என்கிற ஊதுகுழல் வாசிப்பவன். மூலையில் உட்கார்ந்து சீவாளியைத் துடைத்த துடைப்பில் அது தேய்ந்தே போயிருக்கும்.

"நீ சொல்லுய்யா. பாட்டு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் பாடின. விடு குயென்."

"நல்லாப் பாடினா எதுக்கு விளிம்பு?"

"வெயில் மண்டையைப் பொளக்குது. மனுஷனுக்குக் கிறுகிறுன்னு வந்திருக்கும். கை தவறியிருக்கும்."

"பன்னெண்டு வருஷமாத் தவறாத கை, எனக்குன்னு பார்த்துத் தவறுச்சாக்கும்?"

லோக் மறுபடி சீவாளியைத் துடைக்கக் குனிந்துகொண்டான். இரண்டாம் வேஷக்காரி லியென் கண்ணாடிக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு புருவச் சாயத்தை அழித்துக்கொண்டிருந்தாள். மற்ற நாளாக இருந்தால் 'அக்கா, தண்ணி குடிக்கிறீங்களா' என்று முதலில் ஓடி வருகிறவள் அவள்தான். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. இருபத்தாறு வயது, மணி மாதிரி குரல், குயெனின் பாடம் முழுவதும் தலைகீழாகத் தெரியும். குயென் அந்த வேஷத்தை விட்டால் அடுத்து ஏறுகிறவளும் இவள்தான். குயெனுக்கு அப்போதுதான் சுருக்கென்றது.

முரசுக்காரரை ஊரே அஞ்சாம் மாமா என்று கூப்பிடும். வீட்டில் பிறந்த வரிசை அது. அவர் பெண்சாதி, அதனால் அஞ்சாம் அத்தை. நாற்பது வருஷம் படகு எஞ்சின் பழுதுபார்த்த மனுஷன். கறை போகாத விரல்கள், கறை படாத பேச்சு என்று ஊரில் பெயர். அவர் மூன்று அடித்தால் மூன்றுதான். பெரிய நடிகர்களே அவர் கோலைப் பார்த்துப் பயந்துகொண்டு பாடுவார்கள். அப்படிப்பட்டவரை யார் எதைக் கொடுத்து வளைத்திருப்பார்கள்?

விடை வாசலிலேயே கிடைத்தது. கோயிலுக்கு வெளியே கரும்புச்சாறு பிழிகிற பெண்ணிடம் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு நின்றபோது, லியென் கையில் கூடையோடு வாய்க்கால் கரையில் வேகவேகமாகப் போவது தெரிந்தது.

"அது எங்க போகுது இந்த வெயில்ல?" என்றாள் குயென், சும்மா கேட்பதுபோல.

"உங்க லியென் பொண்ணுதானே? அஞ்சாம் மாமா வீட்டுக்குத்தான். நேத்திக்கும் போச்சே! ரெண்டு பம்பளிமாஸ் எடுத்துட்டுப் போச்சு. என்கிட்டதான் வழி கேட்டுச்சு."

"நேத்தா? கூத்துக்கு முந்தின நாளா?"

"ஆமா. ஏன், தெரியாதா உங்களுக்கு?"

தெரியாது. குயென் கரும்புச்சாற்றைப் பாதியிலேயே கீழே வைத்தாள். கூத்துக்கு முந்தின நாள் பழக்கூடையோடு போகிறாள், மறுநாள் காலையில் விளிம்பு விழுகிறது, மத்தியானம் மறுபடி போகிறாள். இதற்கு மேல் யாராவது வந்து எழுதிக் காட்ட வேண்டுமா என்ன?

அன்று சாயங்காலம் குழுவின் படகில் லியென் பம்பளிமாஸ் உரித்தாள். உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டு முதல் சுளையைக் குயெனிடம் நீட்டினாள்.

"அக்கா, சாப்பிடுங்க. நல்லா இனிப்பா இருக்கு."

"எங்க வாங்கின?"

"சந்தையிலதான்."

"எத்தனை?"

"ரெண்டு அக்கா. ஏன்?"

"எனக்கு வேணாம். நீயே தின்னு. உனக்குத்தான் இப்ப தெம்பு வேணும்."

லியென் முகம் சுருங்கிப்போனது. நடிப்பைப் பார், நடிப்பை, என்று நினைத்துக்கொண்டாள் குயென். மேடையில் இப்படி நடித்தால் எப்போதோ முதல் வேஷம் கிடைத்திருக்கும்.

பழக்கூடையோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். இருட்டுவதற்குள் இன்னொன்றையும் பார்த்துத் தொலைத்தாள். மரப்பாலத்து நடுவில் லோக் நின்றிருந்தான். எதிரில் அஞ்சாம் அத்தை. அவன் கையைக் கூப்பி, தலையைக் கவிழ்த்து, மெல்லிய குரலில் எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தான். அத்தை தன் ஊதா விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு 'முடியாது' என்பதுபோலவோ 'சரி' என்பதுபோலவோ தலையை ஆட்டினாள். தூரத்திலிருந்து எது என்று தெரியவில்லை.

"எங்கய்யா போயிருந்த?"

"சிகரெட் வாங்க."

"பாலத்து மேலயா விக்குறாங்க சிகரெட்டு?"

லோக் முழித்தான். புத்தாண்டுக்கே சிகரெட்டை விட்டவன் அவன். அதுவும் அவனுக்கு நினைவில்லை பாவம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொல்லும் பொய் எப்போதும் இப்படித்தான் பல்லிளிக்கும். குயென் படுத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்தாள். லியென் பழம் கொண்டு போகிறாள். லோக் கையைக் கூப்பிக் கெஞ்சுகிறான். இரண்டு பேருக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? ஒரு வருஷமாகவே அவன் தன் முகத்தைப் பார்த்து வாசிப்பதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பதினாறு வருஷம் குடும்பம் நடத்தின ஆள்!

இரண்டாம் நாள் காலையில் அவளுக்கு வேஷம் கடைசியில்தான். திரைத்துணியில் ஒரு ஓட்டை பார்த்துக் கண்ணை வைத்தாள். மேடையைப் பார்க்கவில்லை. அஞ்சாம் மாமாவையே பார்த்தாள். நீல அங்கி, தலைப்பாகை, முழங்காலில் கோல். ராஜா வேஷக்காரர் ஒரு நல்ல வரியை முடித்தார். மாமா கோலைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் மெல்லத் திருப்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தார். பிறகுதான் தும், தும் என்று இரண்டு அடித்தார்.

குயென் ஓட்டையைப் பெரிதாக்கினாள். மூன்றாவது வரிசை, வலது ஓரம். அஞ்சாம் அத்தை, ஊதா விசிறி. விசிறி கால்வாசி விரிந்தால் ஒன்று. பாதி விரிந்தால் இரண்டு. முழுசாக விரிந்தால் மூன்று. மந்திரி வேஷக்காரர் பாட்டு வரியை மறந்து தடுமாறியபோது விசிறி பட்டென்று மூடியது. மாமாவின் கோல் விளிம்பில் விழுந்தது. டக்.

"அடிப்பாவி!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் குயென்.

முரசு பேசுவது மாமாவின் காதால் இல்லை, அத்தையின் விசிறியால். அப்படியென்றால் விலைபோனது அத்தை. பழம் போனது அத்தைக்கு. கையைக் கூப்பியது அத்தையிடம். எல்லாம் பிட்டுப் பிட்டு வைத்ததுபோல் விளங்கிவிட்டது. நாளைக்குக் காலையில் அந்த விசிறி இன்னொரு முறை மூடும். அதோடு பதினெட்டு வருஷத்துக்கு ஒரு முழுக்கு.

காலைக் கூத்து முடிந்ததும் நேராகப் போய்க் கோயில் கமிட்டித் தலைவர் வின்னிடம் சொன்னாள். வின் அரிசி ஆலை முதலாளி. முரசடிக்கத் தனக்கும் ஒரு நாள் வரும் என்று நாலு வருஷத்துக்கு முன்பே சரிகை போட்ட அங்கி தைத்துப் பெட்டியில் வைத்திருக்கிற மனுஷன்.

"அஞ்சாம் மாமா மேலயா? ஐயையோ, வேணாம்மா. ஊரே அவரைக் கும்பிடுது. பெரிய பாவம்," என்றார். உடனே நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "சரி, சொல்லு, சொல்லு."

சொன்னாள். விசிறியை மட்டும் சொன்னாள். புருஷனைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த அளவுக்கு மானம் மிச்சம் இருந்தது.

"முரசுக்காரர் இன்னொருத்தர் கண்சாடைக்கு அடிக்கிறதா? சாமி முன்னாடியா? இதை விட்டுட்டா நாளைக்கு எவன் நம்மூர் முரசை மதிப்பான்? உனக்கு நியாயம் கிடைக்கணும் குயென். எனக்கு வேற ஒரு ஆசையும் இல்ல," என்றார் வின். இல்லாத ஆசை முகத்தில் வழிந்தது.

மத்தியானக் கூத்து. வின் ஒரு ஆளை அனுப்பினார். சமையல்கட்டில் மீன்குழம்புக்குப் புளி கூடிவிட்டது, அத்தை வந்து ஒரு கை பார்க்க வேண்டுமாம். அத்தை தயங்கினாள், புருஷனைப் பார்த்தாள், ஆளின் அவசரத்தைப் பார்த்தாள், எழுந்து போனாள். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியானது.

மேடையில் லியென் இளவரசி வேஷத்தில் பாடிக்கொண்டிருந்தாள். குயெனுக்கே மறுக்க முடியாத நல்ல பாட்டு. முடித்தாள். முரசு பேசவில்லை. ஜனம் காத்திருந்தது. அஞ்சாம் மாமா மூன்றாவது வரிசையைப் பார்த்தார். காலி நாற்காலி. கண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்த் தேடியது. கோல் பாதி எழுந்து, பாதியில் நின்றது. அடுத்து, ராஜா செத்துப்போன சேதியோடு தூதன் வந்து பேசாமல் மண்டியிடும் இடம். மண்டபமே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் அந்த மௌனத்தில், மேடையில் ஆள் மண்டியிட்டதை மட்டும் பார்த்த மாமா பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தார்.

தும், தும், தும்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் பின்வரிசையில் ஒருவன் கெக்கே என்று சிரித்தான். சிரிப்பு பரவியது.

"மாமா, நிறுத்துங்க!" என்றார் வின், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று. மாமா திரும்பவில்லை. "மாமா! உங்களைத்தான்!" இரண்டடி தூரம்தான். வின் தொண்டை கிழியக் கத்தினார். மேடையில் இருந்தவர்களே திடுக்கிட்டார்கள். அந்த மனுஷன் மட்டும் மேடையையே பார்த்துக்கொண்டு, ஓரக்கண்ணில் பட்ட ஜனம் தன் அடியை ரசித்துத்தான் சிரிக்கிறது என்று நம்பி, தானும் லேசாகச் சிரித்தார்.

சிரிப்பு நின்றுபோனது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. நாற்பது வருஷப் படகு எஞ்சின் சத்தம் அவர் காதை எப்போதோ தின்று முடித்திருந்தது.

வின் குனிந்து அவர் கையிலிருந்து கோலை எடுத்தார். மாமா அப்போதுதான் திரும்பினார். வெறும் கையையும் வின்னின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, சாமியைக் கும்பிட்டு, தலைப்பாகையைக் கழற்றி முரசின்மேல் வைத்துவிட்டு நடந்தார். திரைக்குப் பின்னால் குயென் ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்தாள். அவள் கேட்ட நியாயம் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வேஷத்தைக் கலைத்ததும் கலைக்காததுமாக வாய்க்கால் கரைக்கு ஓடினாள். துருப்பிடித்த எஞ்சின்களுக்கு நடுவே மாமா முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் அத்தை.

"வாங்க தளபதியம்மா. ஜெயிச்சாச்சா?" என்றாள் அத்தை.

"அத்தை, மாமாவுக்குக் காது கேக்காதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

குயெனுக்கு உள்ளே குடைந்த சந்தேகம் விடவில்லை. கேட்டே விட்டாள். "சரி, அவருக்குக் காது இல்ல. அப்போ எனக்கு விளிம்பு வெச்சது நீங்கதானே? யார் சொல்லி வெச்சீங்க?"

"யார் சொல்லணும்? என் காது சொல்லுச்சு. அவருக்குத்தான் காது போச்சு, எனக்குப் போகல. அந்த 'விளக்கை'யில உன் குரல் உடைஞ்சுது பொண்ணே. மேல போய்ப் பிளந்துக்கிச்சு. விசிறியை மூடினேன்."

"பொய்! குழுவில ஒருத்தர்கூட..."

"எப்படிச் சொல்லுவாங்க? உன் புருஷன்தான் சரியா அந்த இடத்துல கென்னை ஓங்கி ஊதி உன் பிளவை மூடிடுறானே. பாதி ஜனத்துக்குத் தெரியாது. மூணாவது வரிசை வலது ஓரத்துல உக்காந்தா தெரியும். அதுக்குத்தான் அங்க உக்காருறேன்."

குயென் வாசல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் லியென் வந்துச்சு. ரெண்டு பழத்தை வெச்சுட்டு ஒரே அழுகை. 'எங்க அக்கா குரல் கொஞ்சம் சரியில்ல, இந்த வருஷம் மட்டும் விசிறியை மூடிடாதீங்க அத்தை'ன்னு. சின்னதா இருந்தாலும் கில்லாடிப் பொண்ணு, போன வருஷமே என் விசிறியைக் கண்டுபிடிச்சிருக்கு. நேத்து வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. பழத்தைத் தொடமாட்டேன்னு சொன்னேன், வெச்சுட்டு ஓடிப்போச்சு. மறுநாள் வரச்சொல்லிக் கூடையிலயே திருப்பி அனுப்பிட்டேன். அப்புறம் அது சொல்லித்தான் உன் புருஷன் பாலத்துல மறிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டான், இன்னொரு தடவை மூடிடாதீங்கன்னு. முடியாதுன்னுட்டேன். நல்லதை நல்லதுன்னும் கெட்டதைக் கெட்டதுன்னும் சொல்லாட்டி அப்புறம் என்னத்துக்கு முரசு? சாமிக்கு முன்னாடி தப்பு பண்ணினது நானும் அவரும், இல்லேங்கல. கோலை விட்டா மனுஷன் செத்தே போவார்னு நாலு வருஷமா மறைச்சோம். ஆனா ஒரு அடிகூடப் பொய்யா அடிக்கல."

படகில் உரித்த பம்பளிமாஸ் குயெனுக்கு நினைவு வந்தது. இரண்டு பழம். திரும்பி வந்த அதே இரண்டு பழம். மாமாவிடம் போய்க் காலடியில் உட்கார்ந்தாள். அவர் திருகாணியைத் துடைத்தபடி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். யார் சொல்லித் தன் கோல் போனது என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, அவள் கேட்கவில்லை.

படகுக்குத் திரும்பியதும் லோக்கின் முன்னால் போய் நின்றாள்.

"எத்தனை நாளா மூடி ஊதுற?"

லோக் கென்னைக் கீழே வைத்தான். இந்த முறை பொய் சொல்லவில்லை. "போன வருஷம் உனக்கு அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதிலேர்ந்து."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"தோணுச்சு. தினமும் தோணுச்சு. உன் மூஞ்சியைப் பார்த்தா வரல. அதனால பாக்குறதையே விட்டுட்டேன்."

"பாவி மனுஷா," என்றாள் குயென். "நாளைக்கு அந்த இடத்துல ஊதாதே."

"குயென்..."

"ஊதினா அந்தக் குழலை ஆத்துல போட்டுடுவேன். உன்னையும் சேர்த்து."

லியென் படகின் நுனியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குயென் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படி அக்கா சொல்றது? வேஷத்துக்கு ஆசைப்பட்டுச் சொல்றான்னு நினைப்பீங்க."

நினைத்திருப்பாள். சொல்லாதபோதே நினைத்தவள்தானே. குயென் அந்தப் பெண்ணின் தலையைப் பிடித்து ஒரு குட்டு வைத்தாள். வலிக்கிற மாதிரியே வைத்தாள். பிறகு கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலை வின் சரிகை அங்கியோடு வந்து முரசின் முன்னால் உட்கார்ந்தார். அடித்தார், அடித்தார், அப்படி அடித்தார். ராஜா தும்மினாலும் மூன்று, சேவகன் கதவைத் திறந்தாலும் மூன்று. ஒவ்வொரு மூன்றுக்கும் ஜனம் 'ஓ' போட்டு ஓய்ந்தது. முறை என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்வது!

குயென் ஈட்டியோடு மேடையேறினாள். மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். வரமாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். வந்திருந்தார்கள். மாமா வெறும் அரைக்கைச் சட்டையில். பக்கத்தில் அத்தை, மடியில் மூடிய விசிறி.

தூங்கும் மகனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். 'வருவேன் என்று சொல்லமாட்டேன் மகனே...' லோக் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டான். 'விளக்கை' தனியாக ஏறியது. உச்சியைத் தொட்டது. தொட்ட இடத்தில் பழந்துணி மாதிரி கிழிந்தது. ஒரு வருஷத்தில் முதல் முறையாகக் குயென் தன் குரலைத் தானே கேட்டாள். அத்தை சொன்னது அத்தனையும் உண்மை.

தும், தும், தும்.

வின் தன் முழுப் பலத்தோடு அடித்துவிட்டு அவளைப் பார்த்து இளித்தார். மூன்று விழுந்துவிட்டது. ஜனம் 'ஓ' என்றது. முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் சத்தம் போட்டுவிட்டுத் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வரிசையில் ஊதா விசிறி மூடியபடியே இருந்தது.

வேஷம் அவளுடையதுதான். இனி யாரும் அதைப் பிடுங்க முடியாது. இதற்காகத்தானே ஒரு மனுஷனின் கையிலிருந்து கோலைப் பறிக்க வைத்தாள்.

குயென் எழுந்தாள். கட்டத்தின் நடுவில் எந்த நடிகரும் மேடையை விட்டு இறங்கக் கூடாது. இறங்கினாள். கொடி நாலும் ஆட, முரசுக்கு நேராக நடந்தாள். ஈட்டியைத் திருப்பிப் பிடித்து அதன் அடிக்கட்டையால் மர விளிம்பில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

டக்.

"என்னம்மா பண்ற?" என்றார் வின் பதறிப்போய்.

"பிழைக்கு அடிக்கணும் தலைவரே. நீங்க மறந்துட்டீங்க."

"ஏய், இது ரெண்டாவது விளிம்பு! வேஷம் போயிடும், தெரியும்ல?"

"தெரியும்."

மண்டபத்தில் ஒரு தாடை அசையவில்லை. குயென் மூன்றாவது வரிசைக்கு நேராகத் திரும்பிக் கையைக் கூப்பி, கோழியிறகு தரையைத் தொடும்வரை குனிந்தாள். பிறகு மேடையேறினாள். மகன் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தான், கட்டத்தை முடிக்க வேண்டும். அந்த வரியை மறுபடி எடுத்தாள். இந்த முறை உச்சிக்குப் போகவில்லை. பிள்ளை விழித்துவிடக் கூடாதே என்று பயப்படுகிற தாய் எப்படிச் சொல்வாளோ, அப்படிக் கீழேயே வைத்துச் சொன்னாள். 'விளக்கை மட்டும் அணைக்காதே.'

வின் கோலைப் பிடித்துக்கொண்டு எத்தனை அடிப்பது என்று தெரியாமல் விழித்தார். முரசு பேசாததால் யாரும் கை தட்டவில்லை.

மூன்றாவது வரிசையில் அத்தை விசிறியை எடுத்து முழுசாக விரித்தாள். அஞ்சாம் மாமா அதைப் பார்த்தார். கையில் கோல் இல்லை. உள்ளங்கையால் தன் முழங்காலில் நிதானமாக மூன்று முறை தட்டினார்.